பிரசங்கத் திரட்டு, ஏழாம் தொகுதி

பழைய பேய்க்கதைப் புத்தகங்கள் சேர்க்கிறேன் என்று மதுரையில் யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால், "நெசமாவே பேய் இருக்காம்மா?" என்று கேட்பார்கள். நான் பதில் சொல்வதற்குள் அவர்களுடைய சித்தப்பா ஒரு கம்மாய்க்கரையில் எதையோ பார்த்த கதையை ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குப் பேய் வேண்டாம். புத்தகம் வேண்டும். அதுவும் முதல் பதிப்பு, மேலட்டையோடு, கிழியாமல். இந்த வித்தியாசத்தை விளக்கி விளக்கியே என் இருபத்தாறு வயதில் பாதி போய்விட்டது.

வீட்டில் நிலைமை இதைவிட மோசம். காளவாசலில் எங்கள் வீட்டு மாடியறையில் எழுபது சொச்சம் புத்தகங்கள் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஒரு சீட்டு, சீட்டில் பதிப்பு விவரம். போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் மடிக்கணினி முன்னால் அலுவலகக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அம்மா எல்லா உறைகளையும் உருவிவிட்டு, விரலைத் தண்ணீரில் தொட்டு, எழுபது அட்டைகளிலும் திருநீறு பூசியிருந்தாள். "ஒரு காப்புக்குத்தான்டி. வயசுப்பிள்ள தூங்குற ரூமு" என்றாள். அறுபது வருடமாக அழியாமல் இருந்த சிவப்புச் சாயம் மூன்று விரல் அகலத்துக்குக் கரைந்து போயிருந்தது. அட்டையில் இருந்த பேயின் நெற்றியில் பார்த்துச் சரியாகப் பட்டை போட்டிருந்தாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டது ஒரே ஒரு நாவலுக்காக. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே சென்னையிலிருந்து இரண்டு பேர் கிளம்பி வருவார்கள், எனக்குத் தெரியும். மூன்று பாகங்களாக, ஒவ்வொன்றும் அறுபது பக்கச் சின்னப் புத்தகமாக, பேருந்து நிலையக் கடைகளில் தொங்கவிட்டு விற்ற கதை. கதாநாயகன் கோர்ட்டு அமீனா. சம்மன் கொடுக்க ஒரு பாழடைந்த பங்களாவுக்குப் போகிறான். கதவைத் திறந்தவர் மரியாதையாக உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறார். கோர்ட்டுக்குத் திரும்பி வந்து காட்டினால், கையெழுத்துப் போட்டவர் செத்து மூன்று வருடம் ஆகிறது. முதல் பாகம் அங்கே முடிகிறது. மூன்றாம் பாகம் ஆரம்பிக்கும்போது, அமீனா தன் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிறான், யாருக்கும் கேட்கவில்லை. நடுவில் என்ன நடந்தது? அது இரண்டாம் பாகம். ஒன்றும் மூன்றும் வாடிப்பட்டியில் ஒரு பழைய பேப்பர் கடையில், பத்தாம் வகுப்பு நோட்ஸுகளுக்கு நடுவில் எனக்குக் கிடைத்தன. இரண்டாவது மட்டும் மூன்று வருடமாகக் கிடைக்கவில்லை.

துப்பு கொடுத்தவர் மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் பைண்டர். முதல் பாகத்தின் பிரிந்த முதுகைக் காட்டப் போயிருந்தேன். அட்டையைப் பார்த்ததும் அவர் சிரித்தார்.

"இதோட ரெண்டாம் பாகம் நம்ம கையில வந்திருக்கும்மா. தல்லாகுளத்துல ஒரு டீச்சர். பெரிய லீவு விட்டா ஒரு கட்டு பேய் புக்கா கொண்டாருவாங்க. முன்னால பதினாறு பக்கம் பிரசங்கம் வெச்சு, பின்னால பேய வெச்சுத் தைக்கணும். முதுகுல தங்க எழுத்துல 'பிரசங்கத் திரட்டு'ன்னு அடிச்சு, தொகுதி நம்பர் போடணும்."

"அட்டையெல்லாம் எடுத்துட்டீங்களாண்ணே?" என்றேன். பைண்டர்கள் முதலில் செய்கிற பாவம் அதுதான்.

"எடுக்கவான்னு கேட்டதுக்கு அந்தம்மா மொறைச்ச மொறைப்பு இன்னும் ஞாபகமிருக்கு. அட்டையோடதான் தைச்சேன்."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

டீச்சர் ஒரு மிஷன் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். எழுபத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு குடியிருப்பில், இரண்டாம் மாடியில் தனியாக இருந்தார். கதவைச் சங்கிலி போட்டபடியே திறந்தார்.

"யாரு அனுப்புனா?"

"பைண்டர், டீச்சர்."

"அவன் இன்னும் வாய மூடக் கத்துக்கலையா?"

உள்ளே விட்டார். வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. மின்விசிறியைக் கூட்டினார், குறைத்தார். பிறகு கணக்கை விளக்குவதுபோல விளக்கினார். அந்தப் புத்தகங்களில் ஒன்றுகூட அவர் காசு கொடுத்து வாங்கியதில்லை. வகுப்பில் பிள்ளைகள் மடியில் வைத்துப் படிக்கும்போது பறித்தவை. பறித்ததைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு பக்கம் பார்த்தார். அவ்வளவுதான்.

"ஒரு பக்கமா டீச்சர்?"

"கேள்வி கேக்காத."

போதகர் வருவார், ஐக்கிய சங்கத்துப் பெண்கள் ஜெபத்துக்கு வருவார்கள். அலமாரியில் தலைவிரிகோலமாக ஒரு பெண் நின்றால் நன்றாகவா இருக்கும்? அதனால்தான் பிரசங்க வேஷம். நாற்பது வருடம் யாரும் கை வைக்கவில்லை. பிரசங்கத் தொகுதியை யார் இரவல் கேட்கப் போகிறார்கள்? எல்லாம் போன வருடம் வீடு மாறும்போதுதான் கெட்டது. சாமான் கட்ட வந்த அண்ணன் மகன், புது வீட்டில் இடமில்லை என்று, முதுகில் இருந்த தங்க எழுத்தை நம்பி, பதினோரு தொகுதிகளையும் சபை வாசகசாலைக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பு வந்தது. டீச்சரை எழுந்து நிற்கச் சொன்னார்கள். சபையே நன்றி சொன்னது.

"நின்னேன்" என்றார் டீச்சர். "வேற என்ன செய்யச் சொல்ற?"

அவர் பயம் எனக்குப் புரிந்தது. நாற்பது வருடம் ஞாயிறு பள்ளியை நடத்தியவர். பேய்க்கதை படித்ததற்காக ஒரு பெண்ணை மைதானத்தில் வெயிலில் முட்டி போட வைத்ததாக அவரே சொன்னார். வரும் மாதம் சபை ஆண்டு விழாவில் அவருக்குச் சால்வை போடுவதாக இருந்தது. அதற்குள் யாராவது பதினேழாம் பக்கத்தைப் புரட்டிவிட்டால், இத்தனை வருடப் பேரும் போச்சு.

"நீ போய் எடுத்துட்டு வா. யாருக்கும் தெரியக் கூடாது. நீ தேடுறது ஏழாம் தொகுதியில இருக்கு. மொதல்ல அத எடு, பிரிச்சு நீயே வெச்சுக்க. மத்ததையும் ஒண்ணொண்ணா எடுத்து எங்கிட்டக் கொண்டா."

"டீச்சர், அது திருட்டு."

"ஏம்மா, வாசகசாலை எதுக்கு இருக்கு? எடுத்துட்டுப் போய்ப் படிக்கத்தான? எடு. திருப்பிக் குடுக்க மறந்துரு."

வாசகசாலை ஆலயத்துக்குப் பக்கவாட்டில் ஒரு ஓட்டுக் கட்டடம். சனிக்கிழமை மதியமும், ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகும் திறப்பார்கள். பொறுப்பாளர் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். மேசையின் மேல் கோந்து, மைப்பெட்டி, நான்கு முத்திரைக் கட்டைகள். நான் உறுப்பினராக வேண்டும் என்றேன். சபை அங்கத்தினர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். டீச்சரிடம் ஓடினேன். "என் பேரு இதுல வரவே கூடாது" என்று கதவைச் சாத்தினார். திரும்ப ஓடினேன். உறுப்பினர் ஆகாமல் என்ன செய்யலாம் என்று கேட்டேன். உட்கார்ந்து படிக்கலாம், வெளியே கொண்டுபோகக் கூடாது என்றார்.

"சரி சார். பிரசங்கத் திரட்டு ஏழாம் தொகுதி குடுங்க."

மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "வெளிய போயிருக்கு."

அடுத்த சனிக்கிழமை போனேன். வெளியே. அதற்கடுத்த சனி, வெளியே. மூன்றாம் தொகுதியாவது தாருங்கள் என்றேன். அதுவும் வெளியே. அலமாரியில் வேறு எத்தனையோ ஆன்மிக நூல்கள், உண்மையான பிரசங்கங்கள், வரிசையாகத் தூசி படிந்து நின்றன. டீச்சர் கொடுத்த பதினொன்றில் மட்டும் எப்போது பார்த்தாலும் ஏழெட்டு இல்லை. இந்த ஊரில் பிரசங்கத்துக்கு இம்புட்டுக் கிராக்கியா என்று வாயைப் பிளந்தேனே தவிர, வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. எம்.ஏ. வரை படித்தவள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஒவ்வொரு சனியும் ஸ்கூட்டியில் காளவாசலிலிருந்து தல்லாகுளம் வரை வெயிலில் வந்து, "வெளிய" என்ற ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு திரும்பினேன். டீச்சர் வேறு தினமும் போனில் கேட்பார்: "எடுத்தியா? ஒரு புக்க எடுக்க இம்புட்டு நாளா? உன்ன எந்த ஸ்கூல்ல படிக்க வெச்சாங்க?"

ஐந்தாவது சனிக்கிழமை ஏழாம் தொகுதி மேசையிலேயே இருந்தது.

எடுத்துக்கொண்டு மூலை நாற்காலிக்குப் போனேன். முதல் பதினாறு பக்கம் பொறுமையைப் பற்றிய பிரசங்கம். அந்த ஐந்து வாரங்களுக்குப் பிறகு அதைப் படிக்கிற பொறுமை எனக்கு இல்லை. பதினேழாம் பக்கம், ஆகா, முழு வண்ண அட்டை, ஓரம் வெட்டுப்படாமல். வேறு ஏதோ கதை, நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஆனால் புரட்டப் புரட்ட எனக்கு ரத்தம் கொதித்தது. ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மை. டீச்சர் ஒற்றுப்பிழைகளைத் திருத்தியிருந்தார். பேய் வருகிற இடத்தில் ஓரத்தில் "நன்று". அத்தியாயம் முடிகிற இடத்தில் வட்டம் போட்டு மதிப்பெண். மூன்றாம் அத்தியாயத்துக்குப் பத்துக்கு நான்கு, "அவசரம்" என்று குறிப்பு வேறு. ஒரு பக்கம்தான் பார்த்தாராம்! போதாக்குறைக்கு முப்பத்தேழாம் பக்கத்தில், கிணற்றுக்குள்ளிருந்து நீள்கிற கையின் மேலேயே, வாசகசாலையின் ஊதா முத்திரை.

பல்லைக் கடித்துக்கொண்டு புரட்டினேன். முதல் கதை முடிந்தது. அடுத்து இருக்க வேண்டிய இடத்தில், பிளேடால் அறுத்த காகித அடிக்கட்டைகள் மட்டும் தையலோடு நின்றன. அறுபது பக்கம். அதற்குப் பிறகு நேராக இன்னொரு கதை. என் இரண்டாம் பாகம் இல்லை.

போஸ்ட்மாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அதுவா? அத சொந்தக்காரங்க எடுத்துக்கிட்டாங்க" என்றார் நிதானமாக.

"சொந்தக்காரங்கன்னா?"

"அட்டையில பேரு எழுதியிருந்துச்சும்மா. பேரு, ஒன்பது 'ஆ', வரிசை எண் எல்லாம். படிக்க எடுத்துட்டுப் போன பிள்ளையே அவதான். தன் கையெழுத்தப் பாத்துருக்கா, அறுத்துருக்கா. மிச்சத்த ஒழுங்காத் திருப்பிக் குடுத்துட்டா."

"சார், அப்ப உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "எல்லாப் புக்குலயும் முப்பத்தேழாம் பக்கத்துல முத்திரை குத்துறது இந்த வாசகசாலை வழக்கம். யாரும் மொதப் பக்கத்தக் கிழிச்சுட்டு நம்மளுதுன்னு சொல்லக் கூடாதுல்ல. குத்துனது யாரு? பதினோரு தடவ குத்துனேன். பதினோரு தடவயும் கீழ என்ன இருக்குன்னு பாக்காமயா குத்துவேன்?"

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"டீச்சரம்மாவத் தவிர எல்லாருக்கும்."

டீச்சர் வீட்டுப் படிகளில் ஏறும்போது, எப்படிச் சொல்வது என்று நான்கு விதமாக ஒத்திகை பார்த்தேன். சொன்னதும் அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். ஒரு மடக்குக் குடித்தார். அவமானத்தில் உடைந்துவிட்டார் என்று நினைத்து, எனக்கே புத்தகம் மறந்து போனது.

"ஒன்பது 'ஆ'ன்னா எந்த வருஷம்?" என்றார்.

"தெரியல டீச்சர்."

"பிளேடால அறுத்தாளாமா? நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் உன் வண்டிய எடுத்துட்டு வா."

ஞாயிறு பத்தரை மணிக்கு வாசகசாலையில் எட்டுப் பெண்கள் இருந்தார்கள். எல்லாம் ஐம்பதுக்கு மேல். டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்ததும் எட்டுப் பேரும் சட்டென்று எழுந்து நின்றார்கள். மேசையில் விரிந்து கிடந்த தொகுதிகளை மூடக்கூட மறந்துவிட்டார்கள்.

"யாரு அறுத்தது?" என்றார் டீச்சர்.

ஜன்னலோரம் நின்ற ஒருவர் கையைத் தூக்கினார். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறவர் என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை மாதிரிதான் நின்றார்.

"நான்தான் டீச்சர். அது எங்க அப்பா புக்கு. பரண்ல இருந்த பெட்டியில இருந்து அவருக்குத் தெரியாம எடுத்தாந்தேன். பரீட்ச முடிஞ்சதும் தாரேன்னீங்க. முடிஞ்சு நாப்பது வருஷம் ஆச்சு. அதுக்கு வீட்டுல பெல்ட்டால அடி வாங்குனேன். ஸ்கூல் மைதானத்துல முட்டி போட்டதும் நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சருடைய கை என் தோளில் கனத்தது.

"நீ கணக்குல பதினெட்டு மார்க்கு" என்றார், வேறு எதுவும் கிடைக்காததுபோல.

"ஆமா டீச்சர். நீங்க அந்தக் கதைக்கு நாலாம் அத்தியாயத்துல பத்துக்கு எட்டு போட்டுருக்கீங்க. எங்களுக்கு ஒரு நாளும் அம்புட்டுப் போட்டதில்ல."

இப்போது எட்டுப் பேரும் சிரித்தார்கள். போஸ்ட்மாஸ்டர் மைப்பெட்டியைத் திறந்து மூடினார். டீச்சர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"வெச்சுக்க. உன்னோடதுதான். நான் அன்னைக்கே குடுத்துருக்கணும்." பிறகு, குரல் இறங்கி, "போதகருக்குத் தெரியுமா?" என்றார்.

"யாரு சொல்லுவா?" என்றார் இன்னொரு பெண். "சொன்னா அம்புட்டையும் தூக்கிட்டுப் போயிருவாரு. அப்புறம் நாங்க என்னத்தப் படிக்கிறது? நீங்க பேசாம சால்வைய வாங்கிக்கங்க டீச்சர்."

எல்லாருக்கும் எல்லாம் சரியாகிவிட்டது. என்னைத் தவிர. நான் நர்ஸிடம் போய், அக்கா, அந்தப் புத்தகத்தை எனக்குக் கொடுப்பீர்களா, என்ன கேட்டாலும் தருகிறேன் என்றேன். கைப்பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். அட்டை முழுதாக இருந்தது. ஒரு மூலையில் பள்ளிக்கூடக் கையெழுத்தில் அவர் பெயர். கொடுப்பதாக இல்லை. அப்பா போய்ப் பத்து வருடம் ஆகிறதாம். இங்கேயே உட்கார்ந்து படித்துக்கொள் என்றார்.

படித்தேன். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மூன்று வருடம் தேடிய இரண்டாம் பாகம், சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ரொம்பச் சுமார். நாற்பது பக்கத்துக்கு அமீனா கோர்ட்டில் காணாமல் போன ஒரு வழக்குக் காகிதக் கட்டைத் தேடுகிறான். பேய் இரண்டு தடவைதான் எட்டிப் பார்க்கிறது. டீச்சர் எட்டு மார்க் எதற்குப் போட்டார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனாலும் எனக்கு அந்தப் புத்தகம் வேண்டும். அதுதான் இந்தப் பித்தின் லட்சணம்.

நான் மூடி வைத்ததும் நர்ஸ் கேட்டார்: "மூணாம் பாகம் உங்கிட்ட இருக்காமே? அமீனா செத்துட்டானா இல்லையா? அத மட்டும் சொல்லும்மா."

"சொல்லாத!" என்று டீச்சர் அதட்டினார். "நானும் படிக்கல. அந்த வருஷம் எந்தப் பிள்ளையும் மூணாம் பாகம் கொண்டாரல."

போஸ்ட்மாஸ்டரோடு சேர்த்துப் பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் புத்தகம் இரவல் கொடுக்க மாட்டேன். அம்மாவுக்கே தொட அனுமதியில்லை. இதை எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாகச் சொன்னேன். நாற்பது வருடம் ஒரு பெண் முடிவு தெரியாமல் இருந்திருக்கிறாள், நீ பிளாஸ்டிக் உறை மாட்டிப் பூட்டி வைத்திருக்கிறாய் என்று டீச்சர் சொன்னார். பறித்து வைத்திருந்தவர் சொல்கிறார்! எனக்கு வந்த கோபத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். போய், மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். கையைக் கழுவிவிட்டுத் தொட வேண்டும், பக்கத்தை மடக்கக் கூடாது, சிவப்புப் பேனா அருகில் இருக்கவே கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

நர்ஸ் ஒரே நாளில் முடித்து டீச்சரிடம் கொடுத்திருக்கிறார். டீச்சர் செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு என்னைப் போனில் கூப்பிட்டார். அலுவலகக் கூட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருந்தது.

"என்னம்மா முடிவு இது? அவன் வாசல்லயே நிக்கிறான், அவன் பொஞ்சாதி வெளக்க அணைச்சுட்டு உள்ள போயிர்றா. அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் டீச்சர்."

"இதெல்லாம் ஒரு முடிவா? நாங்க இம்புட்டு நாள் காத்திருந்தது இதுக்கா?"

"டீச்சர், எழுதினது நான் இல்ல."

"நீதான கொண்டாந்த?" என்று சொல்லி வைத்துவிட்டார். புத்தகத்தை அதற்குள் போஸ்ட்மாஸ்டர் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்பது புதன்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.